அனுமதி கேட்கும் கைப்பேசியும் அவசரப்படும் விரலும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

சுவரில் உள்ள பொத்தானைத் தட்டினால் விளக்கு எரியும். எரியாவிட்டால் மின்சாரம் இல்லை. அல்லது பல்பு போய்விட்டது. நம் பாட்டனார் காலந்தொட்டு விளக்கைப் பற்றி ஒருவர் அறிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். ‘நீ இப்போது எங்கே இருக்கிறாய்?’ என்று எந்தக் குண்டு பல்பும் எந்தக் குடும்பத்தலைவியையும் விசாரித்ததாக வரலாறு இல்லை.

இன்று விசாரிக்கிறது! ‘ஸ்மார்ட்’ விளக்கு ஒன்றை வாங்கி மாட்டிப் பாருங்கள். அதை ஏற்றவும் அணைக்கவும் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவ வேண்டும். நிறுவிய மறுகணமே கேள்விக்கணைகள் பறந்து வரும். உங்கள் இருப்பிடத்தை அறியலாமா? அருகிலுள்ள சாதனங்களைத் தேடலாமா? மைக்கைப் பயன்படுத்தலாமா? கேமராவை? தொடர்புகளை? அறிவிப்புகள் அனுப்பலாமா? ஒரு பல்பு எரிவதற்கு முன் இத்தனை விசாரணையா என்று மலைத்துப் போகிறோம். மலைத்துப் போனவன் என்ன செய்வான்? எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்பான். அல்லது எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்பான். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். இரண்டிலும் பட்டவன். பட்டதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் கல்லூரி விடுதியில் அறைக்கு ஒரு கைப்பேசி வைத்தியர் உண்டு. ஊருக்குப் போனால் நாமே நம் தெருவுக்கு வைத்தியர். அடுத்த வீட்டு அத்தை எரிவாயு பதிவு செய்ய வேண்டுமா, எதிர் வீட்டுப் பெரியப்பாவின் கைப்பேசியில் எழுத்துச் சிறிதாகிவிட்டதா, ‘காலேசுல படிக்கிற பையன் வந்திருக்கான், அவன்கிட்டக் குடு’ என்பார்கள். நாமும் பெருமையோடு வாங்கி, அவர்கள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். அந்த நாலு தட்டில் மூன்று, அவர்கள் சார்பில் நாம் அளித்த அனுமதி. அவர்களுக்கு அது தெரியாது. உண்மையைச் சொன்னால் நமக்கும் தெரியாது.

சென்ற ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் திருப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே இரண்டு ஸ்மார்ட் விளக்குகள், ஒரு சிறிய கேமரா. எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. மார்கழியில் ஓர் இரவு கொல்லைப்புறம் போகையில் இருட்டில் படி தடுக்கி விழுந்து, முழங்கை வீங்கிப் பல நாள் படுத்திருந்தார். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அம்மாவின் கைப்பேசியிலிருந்தே கொல்லை விளக்கைப் போடலாம். அண்ணன் திருப்பூரிலிருந்தபடியே வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல எண்ணம் என்பதில் ஐயமில்லை.

விளக்கை மாட்டினேன். செயலியை அம்மாவின் கைப்பேசியில் நிறுவினேன். முதல் கேள்வியே இருப்பிடத்தைப் பற்றி. ‘பல்புக்கு எதற்கடா என் வீட்டு விலாசம்? நானா ஏமாறுவேன்?’ என்று மறுத்தேன். மறுபடியும் கேட்டது, மறுபடியும் மறுத்தேன். பிறகு அது கேட்பதை நிறுத்திக்கொண்டது. வெற்றி என்று எண்ணினேன். செயலி தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. முடிவில் ‘சாதனம் எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. கண்ணுக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியோ அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்கிறது! ஹோல்டரை மாற்றினேன். கைப்பேசியை அணைத்துப் போட்டேன். இரண்டாவது விளக்கை மாட்டிப் பார்த்தேன். ‘பௌதிகம் படிக்கிற லட்சணம் இதுதானா?’ என்று அண்ணன் கேட்டான். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டிப் பெட்டியில் திரும்ப வைக்கும் வரை போய்விட்டேன்.

குற்றம் விளக்கிலும் இல்லை, விற்றவனிடமும் இல்லை. என் ‘இல்லை’யில் இருந்தது.

புது விளக்குக்கு நம் வீட்டு வைஃபையின் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. அவற்றை அதன் காதில் போட வேண்டியது கைப்பேசி. அதற்காக விளக்கு, புளூடூத் வழியாகவோ தானே ஒரு சிறு வைஃபையை எழுப்பியோ, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். கைப்பேசி அக்கம்பக்கத்து அலைகளையெல்லாம் கேட்டு அந்தக் குரலைக் கண்டுபிடிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். அக்கம்பக்கத்து அலைகளைக் கேட்பவன் தான் எங்கே நிற்கிறான் என்பதையும் அறிந்துவிடுகிறான். எங்கள் ஊரில் ஒருவரைக் கண்ணைக் கட்டி நிறுத்துங்கள். இடப்பக்கம் மாவு மில்லின் இரைச்சல், வலப்பக்கம் டீக்கடைப் பாட்டு, பின்னால் பள்ளிக்கூட மணி. ‘பஞ்சாயத்து ஆபீசு முக்கு’ என்று உடனே சொல்லிவிடுவார். அதுபோல ஒவ்வொரு வீட்டு வைஃபைக் கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்தத் தெருவில் கேட்கிறது என்ற பட்டியலைப் பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆகவே வைஃபையையும் புளூடூத்தையும் தேடும் செயலிக்கு, செயற்கைக்கோளின் துணையில்லாமலே நம் இருப்பிடம் தெரிய வழியுண்டு.

இதனால்தான் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் தொடங்கி, புளூடூத்தில் அருகிலுள்ள சாதனத்தைத் தேட விரும்பும் செயலி இருப்பிட அனுமதியையும் பெற்றாக வேண்டும் என்று வைத்தார்கள். மறைத்துச் செய்யக்கூடியதை வெளிப்படையாகக் கேட்டுச் செய் என்பது அதன் கருத்து. கருத்து நல்லது, கேள்வி எழுதப்பட்ட விதம்தான் கெட்டது. ‘விளக்கைத் தேடப் போகிறேன், தேடும்போது உன் இருப்பிடமும் எனக்குத் தெரியக்கூடும்’ என்று எழுதியிருந்தால் எங்கள் அம்மாவுக்கும் புரிந்திருக்கும். ‘இருப்பிடத்தை அணுகலாமா’ என்று மட்டும் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல்தான் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதியைப் பிரித்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 13-இல் அருகிலுள்ள வைஃபைச் சாதனங்களுக்கும் அது விரிந்தது. ஆனால் நம் வீடுகளில் இருப்பவை அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அம்மாவுக்கும் இறங்கி வந்த கைப்பேசிகள். பழைய கைப்பேசி பழைய கேள்வியையே கேட்கும். செயலி பழைய முறையில் எழுதப்பட்டதாயின் புதிய கைப்பேசியிலும் இருப்பிடத்தைக் கேட்கும்.

சரி, ஏன் மூன்றாம் முறை கேட்கவில்லை? ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறுத்தால் ‘இவருக்கு இஷ்டமில்லை’ என்று கைப்பேசி முடிவு செய்துவிடும். அதன்பின் செயலி எத்தனை முறை கதவைத் தட்டினாலும் நம் காதுக்கு எட்டாது. நச்சரிப்பிலிருந்து நம்மைக் காக்க வந்த ஏற்பாடு அது. நாமாகவே அமைப்புகளுக்குள் சென்று, செயலிகளின் பட்டியலில் அதன் பெயரைத் தொட்டு, அனுமதிகள் என்ற இடத்தில் மாற்றினால்தான் உண்டு. ஐபோன் இன்னும் கறார். பெரும்பாலான அனுமதிகளை ஒரே ஒரு முறைதான் கேட்கும். அதில் 2019-இல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல் புளூடூத்துக்கும், அடுத்த ஆண்டின் 14 முதல் வீட்டு வைஃபையில் உள்ள பிற சாதனங்களோடு பேசுவதற்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். ‘உள்ளூர் நெட்வொர்க்’ என்று அது கேட்கும்போது அது என்ன உள்ளூர், வெளியூர் என்று விழித்து மறுத்துவிட்டவர்கள், பிறகு விளக்கோ டெலிவிஷனோ கண்ணில் படாமல் தவிக்கிறார்கள். அந்தரங்கம் பற்றிய அமைப்புப் பக்கத்தில் போய் அதைத் திறந்துவிட வேண்டும்.

நான் அமைப்புகளில் போய் இருப்பிடத்தை அனுமதித்தேன். அப்போதும் கிடைக்கவில்லை! அனுமதி என்பது வேறு, கைப்பேசியின் மேல் திரையை இழுத்தால் தெரியும் இருப்பிடப் பொத்தான் வேறு. பாட்டரி மிச்சமாகட்டும் என்று அம்மா அதை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். சாவியைக் கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டு வைத்த கதை. அதையும் திறந்தேன். இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லியமான இருப்பிடமா, தோராயமானதா என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். எச்சரிக்கையானவர்கள் தோராயத்தைத் தொடுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இருப்பிட அனுமதியைக் கொண்டு சாதனத்தைத் தேடும் செயலிக்குத் தோராயம் போதாது. தேடலில் ஒன்றும் சிக்காது. ஏன் சிக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

ஒருவழியாக விளக்கு கண்ணில் பட்டது. கைப்பேசி விளக்கின் சிறு வைஃபையோடு இணைந்தது. இணைந்ததும் கைப்பேசியே குறுக்கிட்டது: ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?’ இணையம் இல்லாத வைஃபை எதற்கு என்று ‘வேண்டாம்’ என்றேன். அத்தோடு இணைப்பு அறுந்தது. விளக்குக்குள் ஏது இணையம்? அங்கே ‘தொடர்க’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! இன்னொன்று: இத்தகைய மலிவு விளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தனிப் பெயர் வைத்திருந்து, அதன் பெயரைக் கொடுத்துவிட்டால் விளக்கு திரும்பிக்கூடப் பார்க்காது. இதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நொந்து போனவர்கள் இந்தப் பழியையும் அனுமதியின் தலையில்தான் போடுகிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் கொல்லை விளக்கு, அம்மாவின் விரலுக்குக் கட்டுப்பட்டு எரிந்தது. அம்மா நாலு முறை போட்டு அணைத்துப் பார்த்தார். ‘நல்லாத்தேன் இருக்கு’ என்றார். பிறகு எழுந்து போய்ச் சுவர்ப் பொத்தானை அணைத்துவிட்டு வந்து படுத்தார். (சுவர்ப் பொத்தானை அணைத்தால் விளக்குக்கு உயிரே இல்லை என்பதை விளக்க எனக்கு இன்னொரு நாள் ஆயிற்று.)

ஆக, கேள்விகள் எல்லாம் வஞ்சகமானவை அல்ல. காரணம் கேட்டால் பலவற்றுக்கு நியாயம் இருக்கிறது. பெட்டியின் மேலுள்ள கட்டக்குறியைப் படிக்கக் கேமரா வேண்டும். படித்து முடித்தபின் அந்த அனுமதி அங்கே இருக்க வேண்டியதில்லை. ‘இந்த முறை மட்டும்’ என்று தர 2020 முதலே ஆண்ட்ராய்டில் வசதி உண்டு. வாய்ப்பேச்சால் விளக்கைப் போடுவதாயின் மைக் வேண்டும். கையால் தொட்டே போடுவேன் என்பவருக்கு அது எதற்கு? நாம் வீட்டை விட்டு வெளியேறியதும் விளக்குகள் தாமாக அணைய வேண்டுமென்றால் எந்நேரமும் இருப்பிடம் தெரிந்தாக வேண்டும். அந்த வசதி வேண்டாதவர், எந்நேரமும் தன்னைப் பின்தொடர அனுமதிப்பதில் பொருளில்லை. பெரும்பாலான விளக்குகளில் இணைப்பு வேலை முடிந்தபின் இருப்பிட அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் விளக்கு முன்போலவே எரியும். நான் வாங்கிக்கொண்டேன், எரிகிறது. தொடர்புப் பட்டியலுக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் எனக்கு நியாயம் புலப்படவில்லை. கொல்லையில் விளக்கெரிய எங்கள் மாமாவின் தொலைபேசி எண் எதற்கு?

மறுப்பதிலும் காரணம் அறிந்து மறுக்க வேண்டும். நம் பேராசிரியர் ஒருவர் (துறையைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்) வீட்டு வாசலில் கேமராவுடன் கூடிய அழைப்பு மணி வைத்திருக்கிறார். மணி அடித்தால் கைப்பேசியில் தெரிய வேண்டும், தெரியவில்லை. பாட்டரியை இரண்டு முறை மாற்றினார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு அனுப்பவும் நம் அனுமதியைக் கேட்கும். ‘விளம்பரமாக அனுப்பித் தொலைப்பான்கள்’ என்று அவர் மறுத்திருந்தார். மணி ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர்தான் அதன் வாயைக் கட்டியிருந்தார்.

இதுவரை சொன்னது என் முதல் தவறு. அது விளக்கோடு போயிற்று. இரண்டாவது தவறு அப்படிப் போகவில்லை.

விளக்கில் இரண்டு மணி நேரம் அல்லாடிய எனக்கு, கேமராவை எடுத்தபோது பொறுமை தீர்ந்திருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, அண்ணனுக்கு மறுநாள் அதிகாலையில் பேருந்து. கேட்டதையெல்லாம் அனுமதித்தேன். இருப்பிடமா, எந்நேரமும். மைக்கா, ஆம். படங்களா, ஆம். தொடர்புகளா, அதுவும் ஆம். பத்து நிமிடத்தில் கேமரா பட்டாசாலை மூலையில் உயரத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டை மூன்று கைப்பேசிகளில் காட்டத் தொடங்கியது. அண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தான். எனக்கும் பெருமைதான்.

சித்திரையில் ஊருக்குப் போனபோது அப்பத்தாவின் பாய் பட்டாசாலையில் இல்லை. நெல் மூட்டையும் தட்டுமுட்டுச் சாமானும் கிடக்கும் பின் அறையில், காற்று வராத இடத்தில் விரித்திருந்தார். அந்த வெயிலில்! நான் நினைவு தெரிந்த நாள் முதல் அவர் பட்டாசாலைத் தூணடியில்தான் படுப்பார். மத்தியானத்தில் அங்கேதான் ரவிக்கையில்லாமல் சேலையைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு விசிறியோடு சாய்ந்திருப்பார். தலை உலர்த்துவதும் காலுக்குத் தைலம் தேய்ப்பதும் அங்கேதான். ஏன் அப்பத்தா என்று கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மூலையைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், ‘அங்கிட்டு அது முழிச்சுக்கிட்டே இருக்குய்யா’ என்றார்.

அம்மாவின் கைப்பேசியில் அன்று ஆறேழு கேள்விகள் வந்தன. ஆறேழுக்கும் நான் விடை சொன்னேன். அவற்றுள் ஒன்றுகூட அப்பத்தாவிடம் போகவில்லை. கேமராவின் எதிரில் எந்நேரமும் இருக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான்!

இது என் வீட்டு விஷயம் மட்டும் அன்று. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவ்யூ என்ற அமெரிக்க ஏடு ஒரு செய்தியை வெளியிட்டது. ஐரோபாட் நிறுவனத்தின் சோதனை நிலைத் தரை துடைக்கும் இயந்திரங்கள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றைத் தரம் பிரிக்கும் கூலி வேலையாட்களின் கைக்குப் போய் இணையத்தில் கசிந்திருந்தன. கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் அவற்றுள் ஒன்று. தரையில் படுத்தபடி இயந்திரத்தையே பார்க்கும் ஒரு சிறுவனின் படம் இன்னொன்று. இயந்திரங்களை வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டவர்களே என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் தாளில் கையெழுத்திட்டது அந்தச் சிறுவனாக இருக்க முடியாதே! 2023-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் மீது, ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கப் படங்களைப் பார்க்க இடம் கொடுத்தது எனக் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. ‘அது முழித்துக்கொண்டே இருக்கிறது’ என்று அப்பத்தா சொன்னதைக் கிழவியின் பயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 24-8-2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியமான பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் குறிக்கப்பட்டது. ஒப்புதல் என்பது சுதந்திரமானதாக, தெளிவானதாக, குறிப்பிட்ட வேலைக்குத் தேவையான தரவுக்கு மட்டுமானதாக இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அதிலேயே ஓர் உதாரணம் தருகிறார்கள்: தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலையும் கேட்டு, நாமும் சரியென்று சொல்லிவிட்டாலும், மருத்துவத்துக்கு அப்பட்டியல் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் மருத்துவச் சேவையோடு நின்றுவிடும். என் மாமாவின் எண்ணுக்கும் விளக்குக்கும் உள்ள வழக்கு இதுவேதான்! கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததற்கு ஒப்ப எளிதாக இருக்க வேண்டும் என்றும் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் உண்டு. தமிழ் அந்த 22-இல் ஒன்று. எங்கள் அம்மாவின் விளக்குச் செயலியில் ஒப்பந்தம் முழுதும் ஆங்கிலம்.

மகிழ்ச்சியோடு இதைப் படித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தனி மனிதர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகத் தரவைக் கையாளும்போது இச்சட்டம் பொருந்தாது. அது நியாயமே, திருமண வீட்டில் படம் எடுப்பவனையெல்லாம் சட்டம் துரத்த முடியுமா? ஆனால் இதன் பொருள் என்ன? நிறுவனத்திடமிருந்து அம்மாவைக் காக்கச் சட்டம் வரும். பேரனிடமிருந்து அப்பத்தாவைக் காக்க வராது. அங்கே இருப்பது பேரன் மட்டுந்தான்.

பெரியவர்களின் பாதுகாப்புக்காகத்தானே செய்கிறோம், விவரம் தெரிந்தவன் முடிவெடுப்பதில் என்ன தவறு என்று நண்பர்கள் சிலர் வாதிட்டார்கள். விவரம் என்றால் எந்த விவரம்? எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பட்டாசாலையில் யார், எப்போது, எப்படி இருப்பார் என்பது அப்பத்தாவுக்குத்தான் தெரியும். அவர் விழுந்தது கொல்லைப் படியில். நான் கேமராவை மாட்டியது பட்டாசாலையில். ஆணி அங்கே தயாராக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே கிடையாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதுகாப்பும் கூடியிருக்கும்.

ஆகையால் கைப்பேசி வைத்தியர்களாகிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறர் கைப்பேசியை வாங்கினால் திரையில் வரும் கேள்வியை வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லுங்கள். ‘இது எதுக்குக் கேக்குது?’ என்று அவர்கள் கேட்பார்கள். தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் தெரியாது என்பதையும் சொல்லலாம். பத்து நிமிட வேலை அரை மணி ஆகும், ஆகட்டுமே! நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கிராமத்துக்குப் போய்க் கைப்பேசி பழக்குவதாக இருந்தால் செயலியை நிறுவிக் கொடுப்பதோடு நில்லாமல், கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கும் இடத்தையும் அவர்கள் விரலாலேயே தொட வைக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் கேமராவோ மைக்கோ வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு தெரியும். கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எதைத் தொட்டது என்ற கணக்கும் அமைப்புகளில் இருக்கிறது. இவை கைப்பேசியின் சொந்தக் கேமராவுக்குத்தான். சுவரில் மாட்டியதற்கு இத்தகைய பொட்டை எல்லா நிறுவனமும் வைப்பதில்லை. கணிப்பொறித் துறைப் பேராசிரியர்கள் மனம் வைத்தால் இவ்வகைக் கேள்விகளுக்கு எளிய தமிழில் இரண்டு பக்கக் கையேடு ஒன்றை மாணவர்களைக் கொண்டே எழுதுவிக்கலாம். ரெக்கார்டு நோட்டு எழுதும் நேரத்தில் பாதி போதும்.

சித்திரையில் அன்று மாலையே ஏணியைப் போட்டுக் கேமராவை இறக்கினேன். அப்பத்தாவை அருகில் உட்கார வைத்துக் கைப்பேசியில் அவர் முகத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ‘நாம் பாக்குறதுக்கு முன்னாடி எத்தனை பேரு பாத்தாக?’ என்றார். நாங்கள் மூவர் என்று சொன்னேன். நிறுவனத்தில் யாரேனும் பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். எங்கே வைக்கட்டும் என்று கேட்டதற்கு, கொல்லைக் கதவின் மேல், மாட்டுக்கொட்டகையைப் பார்த்த மாதிரி வைக்கச் சொன்னார். ‘விழுந்தாலும் அங்கிட்டுத்தேன் விழுவேன், மாட்டையும் பாத்துக்கிட்ட மாதிரி ஆச்சு.’

யார் யார் பார்க்கலாம் என்று கேட்டேன். அம்மா பார்க்கலாம். அண்ணன் பார்க்கலாம், தூரத்தில் இருக்கிறான். நான்?

‘நீ வேணாம். நீ கேக்காம வச்சவன்.’

அவர் எதிரிலேயே என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். உறுதியாக நீக்கவா என்று செயலி கேட்டது. வாய்விட்டுப் படித்தேன். அப்பத்தா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டாசாலைக்கு நடந்தபடியே, ‘ஆமான்னு போடு’ என்றார்.